மூளையில் ஒரு நாற்று நடவு

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், விலங்கியல்)

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசற்படியை முதன்முதலில் மிதித்தவள் நான். தாத்தா கைநாட்டு. ஆயாவுக்கு எழுத்துத் தெரியாது. காசு எண்ணினால் மட்டும் தப்பாது. அப்பா எட்டாம் வகுப்போடு ஏரைப் பிடித்தவர். சித்தப்பா பத்தாம் வகுப்பில் ஒரு பாடம் நின்று போக, லாரிக்குக் கிளீனராகப் போய், இப்போது ஓட்டுநராக இருப்பவர். ஆகையால் எங்கள் வீட்டில் 'படிச்ச பிள்ளை' என்றால் அது நான்தான். மருந்துச் சீட்டு, மின்கட்டண அட்டை, வங்கிக் கடிதம், பட்டா நகல், எது வந்தாலும் "அது வரட்டும், படிச்சுச் சொல்லும்" என்று எடுத்து வைத்துவிடுவார்கள்.

2024ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் அப்படி ஒரு தாள் என்னிடம் வந்தது. நான் அதுவரை படித்த எல்லாத் தாள்களையும்விட அது கனமானது. அந்தத் தாளைப் பற்றியும், அதைப் புரிந்துகொள்ள நான் படித்ததைப் பற்றியும், கடைசியில் அதற்கு விடை சொன்னவர் யார் என்பதைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன். அறிவியலைக் கரைத்துக் குடித்தவளின் கட்டுரையாக இதை எடுத்துக்கொள்ள வேண்டா. பிழை இருந்தால் ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க.

நடுங்கிய கட்டைவிரல்

ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் திண்ணையில் உட்கார்ந்திருந்த தாத்தாவின் வலக்கைக் கட்டைவிரல் ஆள்காட்டி விரலோடு உரசிக்கொண்டே இருந்தது. எங்கள் பக்கத்துப் பெண்கள் பீடி சுருட்டும்போது விரல் போகுமே, அதே போக்கு. "என்ன தாத்தா, யாருக்குப் பீடி சுத்தறே?" என்று நான் கேட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் அவர் முகத்தில் நான் நன்றாகப் பார்த்த கடைசிச் சிரிப்போ என்று பின்னாளில் நினைத்து அழுதிருக்கிறேன். ஏனென்றால், அடுத்த ஓராண்டில் அவர் முகம் அசைவற்றுப் போயிற்று. "தாத்தா ஏன் எப்பவும் கோவமாவே இருக்காரு?" என்று என் தம்பி கேட்டான். அவருக்குக் கோபமில்லை. முகத்தசைகள் இறுகிவிட்டன, அவ்வளவுதான்.

பிறகு நடை குறுகியது. நடக்கும்போது வலக்கை வீசாமல் உடலோடு ஒட்டிக்கொண்டது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மெலிந்தது. நியாயவிலைக் கடையில் கட்டைவிரலைக் கருவியில் வைத்தால், விரல் நிற்காமல் ஆடுவதால் ரேகை பதியவில்லை. "பெரியவரே, அசையாம வையுங்க" என்று கடைக்காரர் பொறுமையாகத்தான் சொன்னார். தாத்தா இடக்கையால் வலக்கையை அழுத்திப் பிடித்தார். இரண்டு கையும் சேர்ந்து ஆடின. வரிசையில் நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். வாழ்நாளெல்லாம் தன் பெயருக்குப் பதிலாக வைத்த அந்த ஒரு விரலும் தன் பேச்சைக் கேட்கவில்லையே என்ற வேதனை அவருக்கு. அதற்குப் பிறகு அவர் கடைக்குப் போகவில்லை.

வாதம் என்றார்கள், வயசு என்றார்கள், காற்றுச் சேட்டை என்று வேப்பிலையும் அடித்தார்கள். ஓராண்டு இப்படியே கழிந்தபின், மாவட்டத் தலைநகர் அரசு மருத்துவமனையின் நரம்பியல் டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார்: பார்க்கின்சன் நோய். நம் தமிழில் நடுக்குவாதம். மாத்திரை கொடுத்தார். முதல் சில மாதங்கள் அற்புதம் என்றே சொல்ல வேண்டும். தாத்தா மீண்டும் வரப்பில் நடந்தார். ஆனால் நான்காம் ஆண்டில் மாத்திரையின் பிடி தளர்ந்தது. போட்டு இரண்டு மணி நேரம் நன்றாக இருப்பார். பிறகு மரம்போல் உறைந்துவிடுவார். சில வேளைகளில் மாத்திரையின் வேகத்தில் கழுத்தும் தோளும் தாமாக நெளியும்.

ஒரு தாள் வந்தது

அந்த நிலையில்தான் சித்தப்பா ஒரு பெருநகரத்திலிருந்து வழவழப்பான தாள் ஒன்றைக் கொண்டுவந்தார். அங்கே ஒரு தனியார் மையத்தில் 'ஸ்டெம் செல்' சிகிச்சை செய்கிறார்களாம். இடுப்பெலும்பின் மஜ்ஜையை உறிஞ்சி எடுத்து, அதிலிருந்து பிரித்த செல்களை உடம்புக்குள் ஏற்றினால் மூளையில் செத்த இடமெல்லாம் புதிதாக முளைக்குமாம். செலவு எட்டு லட்சம் ரூபாய். இருப்பதோ முக்கால் ஏக்கர் கழனி. ஏரித் தண்ணீர் பாயும் கழனி. வாங்குவதற்கு ஆள் தயாராக இருந்தது.

அன்றிரவு விளக்கடியில் அப்பா அந்தத் தாளை என் முன் வைத்தார். "நீதான் சயின்ஸு படிக்கிறியே கண்ணு. இது நெசமா, பொய்யா? நீ சொல்றதுதான். நீ வித்துடுன்னா வித்துடறேன்" என்றார்.

நண்பர்களே, அப்போது நான் முதலாம் ஆண்டு மாணவி. முதல் பருவத் தேர்வுகூட முடியவில்லை. ஒருபுறம் தாத்தாவின் உயிர். மறுபுறம் ஐந்து பேர் சாப்பிடும் கழனி. இரண்டுக்கும் நடுவில் என் அரைகுறை அறிவு! அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் எங்கள் துறைப் பேராசிரியை அம்மையாரிடம் தாளைக் காட்டினேன். "விக்கலாமா கூடாதான்னு நான் சொல்ல மாட்டேன்மா. மூளையில் திசுவை நடுகிற முயற்சி எங்கே தொடங்கி எங்கே நிற்கிறதுன்னு நீயே படி. படிச்சுட்டு வா, சேர்ந்து பேசுவோம்" என்றார். துறைக் கணிப்பொறியில் மாலை நேரங்களில் உட்கார அனுமதியும் வாங்கித் தந்தார். மார்கழி முடியுமட்டும் படித்தேன். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் படிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

இருநூறு ஆண்டுக் கதை

1817ஆம் ஆண்டு. லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற மருத்துவர் 'நடுக்குவாதம்' பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். ஆறே நோயாளிகளைப் பற்றிய விவரம். அவர்களிலும் சிலர் தெருவில் போகும்போது அவர் கண்டவர்கள். அந்த ஆறு பேரின் கதையையும் என் தாத்தாவுக்குப் பொருத்திப் பார்த்தேன். குனிந்த உடல், குறுகிய நடை, ஓய்வில் இருக்கும்போதே ஆடும் கை. இருநூறு ஆண்டுகளுக்கு முன், கடல் கடந்த ஊரில், என் தாத்தாவை ஒருவர் எழுதிவைத்திருக்கிறார்!

காரணம் தெரிய நெடுநாள் ஆயிற்று. நடுமூளையில் கருநிறமான ஒரு சிறு பகுதி உண்டு. 'சப்ஸ்டான்ஷியா நைக்ரா' என்று பெயர். கருப்பொருள் என்றே அதற்கு அர்த்தம். அங்குள்ள நரம்புச் செல்கள் டோபமின் என்னும் வேதிப்பொருளைச் செய்து, நீண்ட இழைகள் வழியாக மூளையின் மற்றொரு பகுதிக்குப் பாய்ச்சுகின்றன. நாம் எண்ணியபடி கைகால் இயங்க அந்தப் பாய்ச்சல் வேண்டும். நடுக்குவாதத்தில் இந்தச் செல்கள் சாகின்றன. நோய் வெளியே தெரியும்போது டோபமினின் பெரும்பங்கு வற்றிப்போயிருக்கும்.

இந்த உண்மையைக் கண்ட வழியில் நம் நாட்டுச் செடி ஒன்றும் இருக்கிறது. சர்ப்பகந்தியின் வேரிலிருந்து எடுக்கும் ரெசர்பின் என்ற மருந்தைக் கொடுத்தால் முயல்கள் அசைவற்றுப் படுத்துவிடும். 1957இல் சுவீடனின் லுண்ட் நகரில் ஆர்விட் கார்ல்சன் அப்படிப் படுத்த முயல்களுக்கு எல்-டோபா என்ற பொருளைச் செலுத்தினார். அவை எழுந்து ஓடின. இதற்காக 2000ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1960இல் வியன்னாவில் ஏரிங்கர், ஹார்னிகீவிச் இருவரும் இறந்த நோயாளிகளின் மூளையைச் சோதித்து, டோபமின் வற்றியிருப்பதை உறுதி செய்தனர். டோபமினை நேராகக் கொடுத்தால் இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. அதன் முந்தைய நிலையாகிய எல்-டோபா நுழையும். 1967இல் அமெரிக்காவில் கோட்சியாஸ் அதைச் சிறிது சிறிதாக அளவு கூட்டிக் கொடுத்து, முடங்கியவர்களை நடக்கவைத்தார். தாத்தா போடும் மாத்திரை அதன் வழிவந்ததுதான்.

இன்னொரு செய்தி படித்தபோது எழுந்து நின்றுவிட்டேன். நம் வேலியோரத்தில் படரும் பூனைக்காலிக் கொடியின் விதையில் இந்த எல்-டோபா இருக்கிறது. அதை 1937இலேயே பிரித்தெடுத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த தாமோதரன், ராமசாமி ஆகிய இருவர். அது எந்த நோய்க்கு உதவும் என்று அன்று உலகில் யாருக்கும் தெரியாது.

நாற்றும் நடவும்

மாத்திரை, வற்றிய வாய்க்காலுக்குக் குடத்தில் நீர் மொண்டு ஊற்றுவது போன்றது. ஊற்றிய நீர் சற்று நேரம் நிற்கும். செத்த செல்கள் செத்தவைதான். அப்படியானால் புதிய செல்களையே நட்டால் என்ன? இந்தக் கேள்விதான் திசு மாற்று முயற்சிக்கு வித்து.

1979இல் எலிகளில் இது கைகூடியது. எலிக்கருவின் நடுமூளைத் திசுவை நோயுற்ற எலியின் மூளையில் வைத்தபோது, அது பிழைத்து டோபமின் சுரந்தது. எலியின் கோணல் இயக்கமும் குறைந்தது. வளர்ந்த நரம்புச் செல்லைப் பிடுங்கி நட்டால் செத்துவிடும். இளம் செல்தான் பிடிக்கும். முற்றிய நாற்றை நட்டால் என்ன ஆகும் என்று நம் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இன்னொரு நுட்பமும் உண்டு. செல் செத்த கருநிறப் பகுதியில் அவர்கள் நடவில்லை. டோபமின் போய்ச் சேரவேண்டிய இடத்திலேயே நட்டார்கள்.

மனிதனில் முதல் முயற்சி 1982இல் ஸ்டாக்ஹோமில் நடந்தது. சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியும் சிறிது டோபமின் செய்யும். நோயாளியின் சுரப்பியிலிருந்தே திசுவை எடுத்து அவர் மூளையில் வைத்தார்கள். பெரிய பலன் இல்லை. ஆனால் 1987இல் மெக்சிகோவின் இக்னாசியோ மத்ராசோ, இளவயது நோயாளிகள் இருவர் இம்முறையால் வியக்கத்தக்க நலம் பெற்றதாக வெளியிட்டார். உலகமே பரபரத்தது. பல நாடுகளில் நூற்றுக்கணக்கானோர் தலையைத் திறந்துகொண்டனர். பலருக்கு நலம் நிலைக்கவில்லை; சிலர் உயிரிழந்தனர்; நட்ட திசுவும் பெரும்பாலும் பிழைக்கவில்லை. சில ஆண்டுகளில் அம்முறை கைவிடப்பட்டது. இரண்டே பேரின் கதையை நம்பி நூற்றுக்கணக்கானோர் ஓடினார்கள் என்ற இந்த வரியை என் குறிப்பேட்டில் இரண்டு முறை கோடிட்டேன். சித்தப்பா கொண்டுவந்த தாளிலும் நலம் பெற்ற இரண்டு பேரின் படம்தான் இருந்தது.

அதே 1987இல் லுண்டில் ஓல்லே லிண்ட்வாலும் ஆண்டர்ஸ் பியோர்க்லுண்டும் மற்றொரு வழியில் சென்றனர். கருக்கலைப்பில் கிடைத்த, சில வாரமே ஆன மனிதக் கருக்களின் நடுமூளைத் திசுவை நட்டனர். முதல் இருவருக்குப் பலன் குறைவு. முறையைத் திருத்தியபின் சிலர் தெளிவாகத் தேறினர். அந்தக் காலத்தில் லுண்டில் நட்ட செல்கள், ஒரு நோயாளியின் மூளையில் 24 ஆண்டுகளுக்குப் பின்னும் உயிரோடிருந்தது பின்னாளில் தெரிந்தது.

இதில் அறச்சிக்கலும் உண்டு. நட்ட செல்களில் மிகச் சிலவே பிழைப்பதால், ஒரு நோயாளிக்குப் பல கருக்களின் திசு வேண்டும். கலைந்த கருவைக் கொண்டு ஒருவர் நோயைத் தீர்க்கலாமா? அதனால் கருக்கலைப்புப் பெருகாதா? இப்படிக் கேட்டு அமெரிக்க அரசு 1988இல் இத்தகைய ஆய்வுக்குத் தன் நிதியை நிறுத்தியது. 1993இல்தான் தடை நீங்கியது. இருபக்கமும் நியாயம் பேசியவர்கள் உண்டு. என் தாத்தாவை நினைத்தால் ஒரு பக்கம் சாய்கிறேன். பிள்ளை கலைந்த என் அத்தையின் முகத்தை நினைத்தால் பேச்சற்றுப் போகிறேன்.

வெறும் துளை

சிலர் தேறினார்கள் என்பது போதுமா? அவர்கள் நட்ட செல்லால் தேறினார்களா, நம்பிக்கையால் தேறினார்களா? இதை அறிய அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்தி, 2001இல் முடிவை வெளியிட்டார்கள். நாற்பது நோயாளிகள். இருபது பேருக்குத் திசு நட்டனர். மற்ற இருபது பேருக்கு மண்டையோட்டில் துளை மட்டும் போட்டு, ஒன்றும் வைக்காமல் மூடினர். தமக்கு எது நடந்தது என்று நோயாளிக்கும் தெரியாது. சோதிக்கும் டாக்டருக்கும் தெரியாது.

இதை வீட்டில் சொன்னபோது அப்பா திடுக்கிட்டார். "மண்டையில தொளை போட்டுட்டு, ஒண்ணும் வெக்காம அனுப்பினாங்களா? இது என்ன பாவம்!" என்றார். அவர்கள் எல்லோரும் முன்கூட்டியே அறிந்து சம்மதித்தவர்கள், பின்னர் விரும்பியவர்களுக்கு உண்மையான சிகிச்சையும் கிடைத்தது என்று விளக்கினேன். ஆனாலும் இந்தச் சோதனை சரியா என்று அறிஞர்களே வாதிட்டிருக்கிறார்கள்.

முடிவு என்ன? நட்டவர்களில் பெரும்பாலோர்க்குச் செல்கள் வேர்பிடித்தன. அறுபது வயதுக்கு உட்பட்டோர்க்கு இயக்கத்தில் ஓரளவு நலம் தெரிந்தது. அதற்கு மேற்பட்டோர்க்கு இல்லை. பின்னர் நட்டுக்கொண்டவர்களையும் சேர்த்து 33 பேரில் ஐந்து பேருக்கு, மாத்திரையை நிறுத்தினாலும் நிற்காத நெளிவு வந்தது. மாத்திரை மிகுந்து நெளிவு வந்தால் மாத்திரையைக் குறைக்கலாம். நட்டதை எப்படிப் பிடுங்குவது? 2003இல் வெளியான மற்றொரு சோதனையிலும் 34 பேரில் குறிப்பிடத்தக்க பலன் காணவில்லை.

முதல் சோதனையிலிருந்தே மற்றொரு செய்தியும் வெளிவந்தது. உண்மையில் எது நடந்தது என்பதைவிட, தமக்குத் திசு நடப்பட்டது என்று நம்பியவர்கள்தாம் வாழ்வு மேம்பட்டதாகச் சொன்னார்கள். நம்பிக்கைக்கு அத்தனை வலிமை! அந்த வலிமையைத்தான் சிலர் எட்டு லட்சத்துக்கு விற்கிறார்கள் என்பதும் எனக்கு அப்போது விளங்கியது.

வரப்பில் கேட்ட மூன்று கேள்விகள்

இவ்வளவையும் எழுதிக்கொண்டு பேராசிரியை அம்மையாரிடம் போனேன். முழுவதும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "உங்க தாத்தா என்ன சொல்றார்?"

நான் விழித்தேன். நண்பர்களே, அப்பா என்னைக் கேட்டார். நான் அம்மையாரைக் கேட்டேன். சித்தப்பா அந்த மையத்தாரைக் கேட்டார். நோயைச் சுமப்பவரை யாருமே கேட்கவில்லை!

அந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போனேன். மாத்திரை வேலை செய்யும் நேரமாகப் பார்த்துத் தாத்தாவைக் கைத்தாங்கலாகக் கழனி வரப்புக்கு அழைத்துப் போனேன். சம்பாப் பயிர் கதிர் வாங்கி நின்றது. அவர் மொழியிலேயே சொன்னேன். "தாத்தா, உன் மூளையில ஒரு சின்னக் கழனி காய்ஞ்சுபோச்சு. அதுல புதுசா நாத்து நடறாங்க" என்று தொடங்கினேன். இடைமறிக்காமல் கேட்டார். பிறகு மெல்லிய குரலில் மூன்று கேள்வி கேட்டார்.

"நாத்து எங்கேருந்து கொண்டாறாங்க?"

சுவீடனில் கருவிலிருந்து எடுத்ததையும், இந்த மையத்தார் இடுப்பெலும்பிலிருந்து எடுப்பதையும் சொன்னேன். எலும்பு மஜ்ஜைச் செல் டோபமின் செல்லாக மாறி மூளையில் வேலை செய்ததற்குச் சான்று இல்லை என்றும் சொன்னேன். "நெல்லுக் கழனியில கேவரு நாத்தை நட்டுட்டு நெல்லு அறுக்கலாம்னு சொல்றானா?" என்றார்.

"நட்டதுல எவ்ளோ பிடிச்சுது?"

பத்தில் ஒன்றுகூடப் பிடிப்பது அரிது என்றேன். 'ம்' என்றார்.

மூன்றாவது கேள்விக்குச் சற்று நேரம் எடுத்துக்கொண்டார். "மண்ணுல நோவு இருக்கு. அதனாலதானே பழைய பயிரு செத்துது? அதே மண்ணுல புதுசா நட்டா, அதுக்கும் அந்த நோவு வராதா?"

எனக்கு உடல் சிலிர்த்தது. ஏனெனில் இதே கேள்விக்கு 2008இல்தான் விடை கிடைத்தது. பத்தாண்டுகளுக்கு முன்னும் அதற்கு முன்னும் திசு நட்டுக்கொண்ட நோயாளிகள் இறந்தபின் அவர்கள் மூளையைச் சோதித்தபோது, நட்ட இளம் செல்கள் சிலவற்றுக்குள்ளும் 'லூயி உருண்டை' என்னும் நோய்க்குறி காணப்பட்டது. நோயின் அடையாளம் பழைய செல்லிலிருந்து புதிய செல்லுக்குத் தொற்றியிருக்கலாம். உலகத்து அறிஞர்கள் நுண்ணோக்கியில் கண்டதை, எழுத்தறியாத என் தாத்தா வரப்பில் உட்கார்ந்து கேட்டுவிட்டார்! அறுபது ஆண்டுகள் மண்ணைப் படித்த படிப்பு அது.

கடைசியாக, ஜப்பானில் கியோட்டோப் பல்கலைக்கழகத்தார் செய்வதையும் சொன்னேன். ஷின்யா யமனாக்கா 2006இல் எலியின் உடற்செல்லையே மீண்டும் கருநிலைக்குத் திருப்பும் வழியைக் கண்டார். மறு ஆண்டு மனிதச் செல்லிலும் அது கைகூடியது. 2012இல் நோபல் பரிசு பெற்றார். அந்த வழியில் டோபமின் செல்லின் நாற்றை ஆய்வுக்கூடத்திலேயே வளர்த்து, 2018 முதல் நோயாளிகளுக்கு நட்டுவருகிறார்கள். கரு எதுவும் வேண்டியதில்லை. "அவங்க காசு வாங்கறாங்களா?" என்றார் தாத்தா. இல்லை என்றேன். இதையும் பேராசிரியை அம்மையார் எனக்குச் சொல்லியிருந்தார்: முறையான சோதனை என்றால் நோயாளியிடம் பணம் பெறுவதில்லை. நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு ஸ்டெம் செல் வழிகாட்டு நெறிகளும், இரத்த நோய் முதலியவற்றுக்கான மஜ்ஜை மாற்று போன்ற நிலைபெற்ற சிகிச்சை தவிர, மற்றவற்றை அனுமதி பெற்ற சோதனையாக மட்டுமே செய்யலாம் என்கின்றன.

தாத்தா கதிரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என் தலையில நடவு நட, நடவுக் கழனிய விக்கறதா? வேணாம். உங்கப்பன்கிட்ட நானே சொல்றேன்" என்றார்.

அன்றிரவு அவரே சொன்னார். அப்பா தலை குனிந்து கேட்டுக்கொண்டார். சித்தப்பாவால் தாங்க முடியவில்லை. என்னைப் பார்த்து, "நாலெழுத்துப் படிச்சிட்டு எங்கப்பன சாவ விடச் சொல்றியா?" என்று கேட்டுவிட்டு, சாப்பிடாமல் எழுந்து போனார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கொண்டுவந்தது தகப்பன்மேல் வைத்த பாசம். ஆனால் அந்தச் சொல் தைத்த இடம் இன்னும் வலிக்கிறது. நான் சொன்னது தவறாக இருந்தால் என்ற அச்சம் இன்றும் சில இரவுகளில் வந்து போகிறது. படிப்பு இப்படியும் ஒரு சுமையைத் தலையில் வைக்கும் என்று கல்லூரியில் சேரும்போது எனக்கு யாரும் சொல்லவில்லை.

இன்றைய நிலை

கழனி இருக்கிறது. தாத்தாவின் நோயும் இருக்கிறது. மீண்டும் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். டாக்டர் மாத்திரையின் அளவைப் பிரித்து, குறைந்த இடைவெளியில் அடிக்கடி போடச் சொன்னார். பருப்பும் பாலும் சேர்ந்த உணவோடு போட்டால் மருந்து உள்ளே ஏறுவதில் போட்டி வரும், ஆகையால் வெறும் வயிற்றில் போடுங்கள் என்றார். இந்தச் சிறு செய்தி நான்கு ஆண்டுகளாக எங்களுக்குத் தெரியாது. காலை, நண்பகல், மாலை என்று படம் போட்ட அட்டை ஒன்று எழுதி ஆயாவிடம் கொடுத்தேன். எழுத்தறியாத ஆயா ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை.

கால் உறைந்து நிற்கும் நேரத்தில், தரையில் குறுக்குக் கோடுகள் இருந்தால் அவற்றைத் தாண்டித் தாண்டி நடக்க முடியும் என்றும் படித்திருந்தேன். மூளை வேறு வழியாகக் காலுக்கு ஆணையிடும் போலும். திண்ணையிலிருந்து கிணற்றடி வரை சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டேன். தாத்தா அவற்றைப் பார்த்து, "படைச்சால் மாதிரி இருக்கு" என்றார். முதல் கோட்டைத் தாண்டினார். அடுத்ததையும் தாண்டினார். மழை வந்தால் கோடு அழியும். இந்தப் பொங்கலுக்கு முந்தின நாள் ஊருக்குப் போனபோது, கோடுகள் தடிமனாக, வெள்ளை வண்ணத்தால், அளவெடுத்துப் போட்டதுபோல் இருந்தன. யார் போட்டது என்று நான் கேட்கவில்லை. சித்தப்பாவின் விரல் இடுக்கில் வண்ணம் ஒட்டியிருந்தது.

அன்பு மாணவ நண்பர்களே! நம்மில் பலர் எங்கள் வீட்டைப் போன்ற வீடுகளிலிருந்து வந்தவர்கள். நாளை உங்கள் முன்னும் இப்படி ஒரு தாள் வந்து விழும். விடை தெரியாவிட்டால், தெரியாது, படித்துச் சொல்கிறேன் என்று துணிந்து சொல்லுங்கள். படித்தபின், யாருக்காகப் படித்தீர்களோ அவரிடமே முதலில் பேசுங்கள். எனக்கு அதைக் கற்பித்த பேராசிரியை அம்மையாருக்கு என் வணக்கம்.

2025 ஏப்ரலில் கியோட்டோச் சோதனையின் முடிவு வெளிவந்தது. ஐம்பது முதல் 69 வயது வரையிலான ஏழு பேருக்கு நட்டிருக்கிறார்கள். இரண்டு ஆண்டுகள் கவனித்ததில் கடுமையான கெடுதல் ஏதும் இல்லை. பலன் கணித்த ஆறு பேரில் நான்கு பேருக்கு, மாத்திரை இல்லாத வேளையிலும் இயக்கம் ஓரளவு தேறியிருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் பன்னிரண்டு பேரிடம் செய்த மற்றொரு சோதனையும் அதே நாளில் வெளியாகி நம்பிக்கை தந்தது. வெறும் துளையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை இவற்றில் நடைபெறவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

தாத்தாவுக்கு இப்போது 72 வயது. அந்த நடவு அவருக்கு எட்டாது என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு முறை நான் ஊருக்குப் போகும்போதும், "அந்தச் சப்பான்காரன் நட்டது என்னாச்சு, பிடிச்சுதா?" என்று கேட்பார். அந்தச் சித்திரையில் சொன்னேன்: "ஆறு பேர்ல நாலு பேருக்குப் பரவாயில்ல தாத்தா."

நடுங்கும் விரலை மடியில் வைத்துக்கொண்டு சற்று யோசித்தார்.

"நல்லதுதான். இன்னும் ரெண்டு போகம் பாத்துட்டு வந்து சொல்லு" என்றார்.